ஃபுச்சிடாவின் ஐந்து நிமிடங்கள்

1

ஆடிப் பதினெட்டை ஒட்டி கொல்லிமலையில் இரண்டு நாள் வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த நாட்களில் காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். செம்மேட்டில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. சென்ற விழாவின்போது கடைக்காரர் வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேருக்கு ஓரி கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரே அம்புங்க தம்பி. யானையத் தொளச்சு, புலி வாய்க்குள்ள பூந்து, மானு, பன்னி எல்லாத்தையும் சாய்ச்சுட்டு, கடைசியா புத்துக்குள்ள கெடந்த உடும்பு மேல போயி நின்னுச்சு."

ஒருவன் சிரித்தான். "அண்ணே, ஃபிசிக்ஸ் இடிக்குதே?"

"நேர்ல பாத்தவரே பாட்டா பாடி வெச்சிருக்காருப்பா. அதுக்கு மேல உனக்கென்ன ஃபிசிக்ஸு?"

அவர் சொன்ன பாட்டு புறநானூற்றின் 152ஆவது பாடல். பாடியவர் வன்பரணர். 'நேரில் பார்த்தவரே சொல்லியிருக்கிறார்' என்ற அந்தப் பதிலை நான் சட்டென்று கடந்து போகவில்லை. காரணம், அந்த வாரம் முழுக்க என் மேஜையில் கிடந்த புத்தகம். அதை எழுதியவரும் நேரில் பார்த்தவர்தான். அவர் சொன்னதை உலகம் ஏறத்தாழ ஐம்பது வருடம் அப்படியே நம்பியது.

அவர் பெயர் மிட்சுவோ ஃபுச்சிடா. ஜப்பான் கடற்படை அதிகாரி. பேர்ல் ஹார்பர் தாக்குதலில் முதல் அலை விமானங்களை வழிநடத்தியவர். கொழும்பின் மீதும் திருகோணமலையின் மீதும் குண்டு வீச வந்த விமானங்களுக்கும் அவர்தான் தலைவர். போர் முடிந்தபிறகு மசாதாகே ஒகுமியா என்ற இன்னொரு அதிகாரியோடு சேர்ந்து மிட்வே கடற்போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜப்பானிய மொழியில் 1951, ஆங்கிலத்தில் 1955. இரண்டாம் உலகப்போர் பற்றி எழுதப்பட்டவற்றில் இந்த அளவுக்குச் செல்வாக்கோடு இருந்த நூல்கள் குறைவு. இந்த அளவுக்குத் தவறான வழி காட்டிய நூல்களும் குறைவு.

2

ஃபுச்சிடா 1902இல் நாரா மாகாணத்தில் பிறந்தார். எட்டாஜிமா கடற்படைக் கல்லூரியில் படித்து 1924இல் வெளியே வந்தார். பேர்ல் ஹார்பர் தாக்குதலின் தொழில்நுட்பத் திட்டத்தை வகுத்த மினோரு ஜென்டா அவருடைய பேட்ச்தான். பெரிய பீரங்கிக் கப்பல்தான் கடற்படை என்று தலைமை நம்பிக்கொண்டிருந்த காலத்தில், விமானந்தாங்கிக் கப்பல்தான் எதிர்காலம் என்று நம்பிய இளைஞர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இருவரும். போர் அவர்கள் பக்கம்தான் தீர்ப்பு சொன்னது.

1941 டிசம்பர் 7 காலை, ஹவாய்க்கு மேலே விமானத்தில் இருந்தபடி 'தோரா, தோரா, தோரா' என்று ரேடியோவில் சங்கேதம் அனுப்ப வைத்தவர் இவர். தாக்குதலை எதிரி எதிர்பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அடுத்து 1942 பிப்ரவரி 19இல் ஆஸ்திரேலியாவின் டார்வின், ஏப்ரல் 5இல் கொழும்பு, ஏப்ரல் 9இல் திருகோணமலை. நான்கே மாதத்தில் பசிபிக்கின் நடுவிலிருந்து வங்காள விரிகுடாவின் விளிம்பு வரை. எங்கே போனாலும் வெற்றி.

பிறகு ஜூன் 4, மிட்வே. அமெரிக்கர்கள் ஒரே நாளில் நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களை வீழ்த்தினார்கள். அககி, காகா, சோரியு, ஹிரியு. மூவாயிரத்துக்கும் அதிகமான ஜப்பானியர்கள் இறந்தார்கள். அன்று ஃபுச்சிடா பறக்கவில்லை. வழியிலேயே அககி கப்பலில் அவருக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தையல் ஆறாத உடம்போடு மேலே வந்து நின்று வேடிக்கை பார்த்தார். கப்பல் எரிந்தபோது தப்பிக்கப்போய் இரண்டு கணுக்கால்களும் முறிந்தன.

அதற்குப் பிறகு போர் முடியும்வரை அவருக்கு மேஜை வேலைதான். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு முந்தைய நாள் வரை அந்த ஊரில் இருந்ததாகவும், விழுந்த மறுநாள் ஆய்வுக்குழுவோடு திரும்பிப் போனதாகவும் சொல்லியிருக்கிறார். போருக்குப்பின் சொந்த ஊரில் விவசாயம். 1950 வாக்கில் கிறிஸ்தவரானார். அமெரிக்கா முழுக்கப் பயணம் செய்து, தான் குண்டு போட்ட தேசத்திலேயே மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். 1976இல் இறந்தார்.

இப்படி ஒரு வாழ்க்கையை நாவலில் எழுதினால் எடிட்டர் 'கொஞ்சம் ஓவரா இருக்கு' என்பார். பெரிய சம்பவம் எதுவானாலும் இந்த மனிதர் அதன் முதல் வரிசையில் நிற்கிறார். இதை வியப்பாக எடுத்துக்கொள்வதா, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதா என்பதில்தான் ஃபுச்சிடாவை வாசிப்பதன் சிக்கல் தொடங்குகிறது.

3

முதலில் நூலின் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். இது மோசமான நூல் இல்லை. தோற்ற தரப்பின் ஓர் அதிகாரி, தோற்ற ஆறே வருடங்களில், தன் கடற்படையை இவ்வளவு கறாராக விமர்சித்தது பெரிய விஷயம். மிட்வே தோல்வியை ஜப்பான் தன் மக்களிடமே மறைத்தது. வெற்றி என்று அறிவித்தது. உயிர்தப்பிய மாலுமிகளைத் தனிமைப்படுத்தியது. தன்னையும் இரவோடு இரவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோய் யாரும் பார்க்காதபடி வைத்திருந்ததை ஃபுச்சிடா எழுதுகிறார். அந்தப் பக்கங்களில் இருக்கும் அவமானமும் கோபமும் உண்மையானவை.

நூலில் என்னால் மறக்கமுடியாத காட்சி ஒன்று உண்டு. போருக்கு முந்தைய மாதம், பெரிய கப்பல் ஒன்றில் அதிகாரிகள் கூடி மேஜைமீது போரை நிகழ்த்திப் பார்க்கிறார்கள். நாம் புது ரிலீசுக்கு முன்னால் சிமுலேஷன் ஓட்டுவது மாதிரி. எதிரி விமானங்கள் ஜப்பானிய கப்பல்களைத் தாக்குகின்றன. எத்தனை குண்டு படும் என்பதைப் பகடை தீர்மானிக்க வேண்டும். உருட்டுகிறார்கள். ஒன்பது. அககியும் காகாவும் மூழ்கின. உடனே ஆட்டத்துக்குத் தலைமை வகித்த அட்மிரல் உகாகி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாக்கச் சொல்கிறார். இப்போது காகா மட்டும்தான் மூழ்கியது. கொஞ்ச நேரத்தில் அடுத்த கட்ட ஆட்டத்தில் அந்த காகாவும் உயிர்த்தெழுந்து வந்துவிடுகிறது. அன்று நடுவராக இருந்து பகடை உருட்டியவர் வேறு யாருமல்ல, இந்நூலின் இணை ஆசிரியர் ஒகுமியாதான்.

வெற்றி தலைக்கேறிய ஒரு நிறுவனம் தனக்குப் பிடிக்காத எண்ணை எப்படித் திருத்துகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஃபுச்சிடா இதை 'வெற்றி நோய்' என்கிறார். நூலின் கடைசி அத்தியாயத்தில் தோல்வியின் வேர்களை ஜப்பானியரின் மனப்பாங்கிலேயே தேடுகிறார்: துறைக்குத் துறை பொறாமை, தர்க்கத்தைவிட உணர்ச்சிக்கு மரியாதை, கெட்ட செய்தியைக் கேட்கப் பிடிக்காத தலைமை.

ஆனால் இந்த நூலைப் படித்த யாரும் அந்தக் கடைசி அத்தியாயத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. அவர்கள் நினைவில் நிற்பது அதற்கு முன்னால் வரும் ஐந்து நிமிடங்கள்.

4

காட்சி இதுதான். ஜூன் 4, காலை மணி 10:20ஐத் தாண்டிவிட்டது. எதிரியின் டார்பிடோ விமானங்களை எல்லாம் வீழ்த்தியாயிற்று. அட்மிரல் நகுமோவின் கப்பல்களில் பதில் தாக்குதலுக்கான விமானங்கள் மேல்தளத்தில் வரிசையாக, எஞ்சின் உறும நிற்கின்றன. கப்பல் காற்றை நோக்கித் திரும்புகிறது. இன்னும் ஐந்தே நிமிடம், எல்லா விமானங்களும் கிளம்பியிருக்கும். முதல் விமானம் ஓடத் தொடங்குகிறது. அந்த நொடியில் மேகத்துக்குள்ளிருந்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாக இறங்குகின்றன. எல்லாம் முடிந்தது.

படிக்கும்போது முடி சிலிர்க்கும். சினிமாக்காரர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா? வரலாற்றாசிரியர்களுக்கும் பிடித்தது. வால்டர் லார்ட் 1967இல் எழுதியதிலும், ஃபுச்சிடாவோடு நீண்டகாலம் பேசிப் பதிவுசெய்த கோர்டன் பிரேங்கின் பெயரில் 1982இல் வந்த நூலிலும் இந்தச் சித்திரம்தான். மிட்வே என்றாலே 'விதியின் ஐந்து நிமிடங்கள்'. தமிழில் இன்று உலகப்போர் கதை சொல்லும் வீடியோக்களிலும் இதே ஐந்து நிமிடத்தைக் கேட்கலாம்.

2005இல் ஜோனதன் பார்ஷல், ஆன்டனி டல்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'உடைந்த வாள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இல்லை. பார்ஷல் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அது தெரிந்தபோது எனக்கு ஏன் அந்த நூலின் வாதமுறை இவ்வளவு பழக்கமாக இருக்கிறது என்று புரிந்தது. அவர்கள் செய்தது லாக் படிப்பது.

ஜப்பானிய கப்பல்களின் விமானப் பிரிவுகள் ஒவ்வொரு விமானமும் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று குறித்து வைத்திருந்தன. அந்தக் குறிப்புகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றின்படி, அன்று காலை முழுக்க, 10 மணியைத் தாண்டியும், காவல் போர்விமானங்கள் அந்தக் கப்பல்களில் இறங்குவதும் கிளம்புவதுமாக இருந்திருக்கின்றன. இப்போது கேள்வி எளிது. ஒரு தளத்தில் ஒரு பக்கம் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும்போது அதே தளத்தில் தாக்குதல் விமானங்களை வரிசையாக அடுக்கி வைக்க முடியுமா? முடியாது. இறங்கும் விமானத்துக்கு ஓட இடம் வேண்டும். டார்பிடோ பொருத்தும் வேலை நடந்தது கீழே, கூடத்தில். அங்கிருந்து விமானங்களை லிஃப்டில் ஒவ்வொன்றாக ஏற்றி, நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப முக்கால் மணி நேரம் ஆகும். ஆகவே அந்தத் தாக்குதல் ஐந்து நிமிடத்தில் கிளம்பும் நிலையில் இல்லை. அந்த நேரத்தில் தளத்தில் இருந்தவை சில காவல் விமானங்கள் மட்டுமே. நிரப்பிய டாங்க்கும் பொருத்திய வெடிமருந்துமாகத் தாக்குதல் விமானங்கள் கீழே கூடத்தில் அடைந்து கிடந்தன. தீ அவ்வளவு கோரமாகப் பரவியதற்கு அதுதான் காரணம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஜப்பானின் அதிகாரபூர்வப் போர் வரலாற்றில் மிட்வேக்கான தொகுதி 1971இலேயே வந்துவிட்டது. தாக்குதல் விமானங்கள் மேல்தளத்தில் இல்லை என்று அது சொல்லிவிட்டது. ஆனால் அது ஜப்பானிய மொழியில் இருந்தது. ஆங்கில உலகம் அதைப் படிக்கவில்லை. ஆங்கிலம் படிக்காததை நாமும் படிக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம். தமிழில் நாம் உலகப்போரைப் பற்றி 'தெரிந்து' வைத்திருப்பதில் எவ்வளவு இப்படி வந்தது என்று யோசித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பார்ஷல் 2010இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். ஃபுச்சிடாவின் மூன்று பெரும் புளுகுகள் என்று அவர் அடுக்குகிறார். ஒன்று, மிட்வே ஐந்து நிமிடம். இரண்டு, பேர்ல் ஹார்பரிலிருந்து திரும்பியதும் இன்னொரு தாக்குதல் நடத்தச் சொல்லி நகுமோவிடம் தான் வாதாடியதாகவும், கோழையான நகுமோ மறுத்ததாகவும் ஃபுச்சிடா சொன்னது. மூன்று, 1945 செப்டம்பர் 2இல் மிசூரி கப்பலில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டபோது தானும் அங்கே இருந்ததாகச் சொன்னது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் ஃபுச்சிடா சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருக்கிறார். முதல் இரண்டிலும் தவறு வேறு எங்கோ இருக்கிறது: விதியிடம், அல்லது நகுமோவிடம். நகுமோ 1944இல் சைபான் தீவில் இறந்துவிட்டார். யமமோட்டோ 1943இலேயே விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டார். ஹிரியுவோடு மூழ்கிய யமகுச்சி, பேர்ல் ஹார்பரில் கூடப் பறந்த முராதா, எகுசா, எல்லோரும் போய்விட்டார்கள். மறுத்துச் சொல்லக்கூடியவர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள். உயிர்பிழைத்தவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை அது.

பொய் என்ற சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்துவேன். அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு, முறிந்த கால்கள், எரியும் கப்பல், கூடப் படித்தவர்களின் சாவு. இவ்வளவுக்கும் பிறகு ஒரு மனம் தனக்குள் ஒரு காட்சியை அமைத்துக்கொள்வது புரிகிறது. ஆனால் ஃபுச்சிடா சாதாரண சாட்சி இல்லை. தளத்தில் விமானம் அடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தக் கப்பலில் மற்ற யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர். அககியின் விமானப் பிரிவுத் தலைவரே அவர்தான். உகாகி ஒன்பதை மூன்றாக்கியதைக் கண்டித்து எழுதிய அதே நூலில், அவர் முக்கால் மணி நேரத்தை ஐந்து நிமிடமாக்கினார்.

5

இனி நம் கடலுக்கு வருவோம். ஐந்து நிமிடக் கதை எதை மறைக்கிறது என்பது இலங்கைக் கரையிலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

1942 ஏப்ரல் 4 மாலை, இலங்கையின் தென்கோடியில் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா ரோந்து விமானம் நகுமோவின் கடற்படையைக் கண்டுவிட்டது. ஓட்டியவர் லெனார்ட் பிர்ச்சால் என்ற கனடாக்காரர். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணி அளவில் ஃபுச்சிடா சுமார் 125 விமானங்களோடு கொழும்புக்கு மேலே வந்தார். துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனையின் மீதும் குண்டுகள் விழுந்தன. அந்த நோயாளிகளின் கதையை எந்த அதிகாரியும் நினைவுக்குறிப்பாக எழுதவில்லை. பிரிட்டிஷ் தரப்பு வீழ்த்தியதாகச் சொன்ன விமானங்களின் எண்ணிக்கை, ஜப்பானியக் குறிப்புகளில் உள்ள ஏழைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த விஷயத்தில் எல்லாத் தரப்பும் ஒன்றுதான்.

ஆனால் கவனிக்க வேண்டியது கொழும்பில் நடந்ததை அல்ல, அதே நேரத்தில் கப்பலில் நடந்ததை. கொழும்பை இன்னொருமுறை தாக்கவேண்டும் என்று ஃபுச்சிடா செய்தி அனுப்புகிறார். நகுமோ, மீதமிருந்த விமானங்களில் டார்பிடோவைக் கழற்றி, தரையைத் தாக்கும் குண்டைப் பொருத்தச் சொல்கிறார். வேலை நடந்துகொண்டிருக்கும்போது, கடலில் எதிரிக் கப்பல்கள் இருப்பதாக உளவு விமானம் சொல்கிறது. மறுபடி டார்பிடோவை மாட்டச் சொல்லி உத்தரவு. கீழ்க்கூடத்தில் குழப்பம், தாமதம். கடைசியில் டார்பிடோ விமானங்களுக்குக் காத்திருக்காமல் எகுசாவின் செங்குத்துக் குண்டுவீச்சு விமானங்களை அனுப்பினார்கள். அவை கார்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு கப்பல்களை நிமிடக்கணக்கில் மூழ்கடித்தன. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜப்பானியருக்குப் பெரிய வெற்றி. ஆகவே அந்தக் குழப்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 9. ஃபுச்சிடா திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கினார். மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை, அதில் விமானமே இல்லாத நிலையில், மற்றவர்கள் மூழ்கடித்தார்கள். அதே நாள் ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் அககியின் தலைக்கு மேலேயே வந்துவிட்டன. குண்டுகள் கப்பலை ஒட்டித் தண்ணீரில் விழுந்தன. ஒன்றுகூடப் படவில்லை. மேலே நின்ற காவல் விமானங்கள் அவை வருவதைத் தடுக்கவே இல்லை.

இப்போது மிட்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். தீவைத் தாக்கப் போன தலைவர், இன்னொரு தாக்குதல் தேவை என்று செய்தி அனுப்புகிறார். டார்பிடோவைக் கழற்றிக் குண்டை மாட்டச் சொல்லி நகுமோவின் உத்தரவு. நடுவில் எதிரிக் கப்பல் என்று உளவு விமானம். உத்தரவு மாறுகிறது. கூடத்தில் குழப்பம். மேலிருந்து யார் கண்ணிலும் படாமல் விமானங்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் கொழும்புக் கடலில் நடந்ததன் அச்சு அசலான மறுபதிப்பு. ஒரே வித்தியாசம், இம்முறை குண்டு பட்டது.

எனவே மிட்வே ஐந்து நிமிடத்தில் தோற்றதல்ல. குறைந்தது இரண்டு மாதமாக, தெரிந்தே, எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே தோற்றது. அந்த மணியை மிக அருகில் கேட்டவர்களில் ஒருவர் ஃபுச்சிடா. ஏப்ரல் 5இல் இரண்டாவது தாக்குதல் கேட்டுச் செய்தி அனுப்பியவரே அவர்தான். இலங்கைக் கடலை ஒத்திகையாக அவர் எழுதியிருந்தால், கதையில் அவருக்கும் ஒரு பாத்திரம் கிடைத்திருக்கும். அது அவ்வளவு அழகான பாத்திரமாக இருந்திருக்காது.

அதே ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸ் நகரமே காலியாகி, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ரயிலேறினார்கள். நம் தாத்தா பாட்டிகள் தலைமுறைக்கு அந்த மாதம் வெறும் போர்ச்செய்தி இல்லை. ஆனால் உலகப்போர் நூல்களில் இந்தியப் பெருங்கடல் பெரும்பாலும் இரண்டு வெற்றிகளுக்கு நடுவே ஒரு பத்தி. ஐந்து நிமிடம் அவ்வளவு பிரகாசமாக எரியும்போது பக்கத்தில் இருப்பது எதுவும் தெரிவதில்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நினைவுக்கு வருகிறது. மெடானுக்குள் ஜப்பானிய ராணுவம் நுழைவதில் தொடங்கும் நாவல். அதில் போர் யாருடைய ஒரு நொடியிலும் தீர்மானமாவதில்லை. கடைவீதியில், வட்டிக்கணக்கில், குடிமேஜைப் பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. புனைவு என்று அறிவித்துக்கொண்ட அந்த நூல், வரலாறு என்று அறிவித்துக்கொண்ட ஃபுச்சிடாவின் நூலைவிடப் போரின் காலக்கணக்கைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

6

இந்த நூலை நான் இவ்வளவு கோபத்தோடு படித்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஃபுச்சிடாத்தனம் ஆகிவிடும்.

சில வருடங்களுக்கு முன், அப்போது வேலை பார்த்த இடத்தில், ஒரு நள்ளிரவு ரிலீசில் எங்கள் பேமெண்ட் சிஸ்டம் விழுந்தது. மூன்று மணிநேரம். மறுநாள் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் தொழிலில் அது யார்மீதும் பழி போடக்கூடாத ஆவணம் என்பது எழுதப்பட்ட விதி. நான் யார்மீதும் பழி போடவில்லை. நிமிடக்கணக்கோடு ஒரு டைம்லைன் எழுதினேன். அதன் உச்சம் இதுதான்: 12:41க்கு அலெர்ட் வந்தது, 12:45க்கு ரோல்பேக் தொடங்கியது. அந்த நான்கு நிமிடத்தில் கியூ நிரம்பிவிட்டது. நான்கு நிமிடம் முன்னால் தொடங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஒவ்வொரு எண்ணும் சரி. மேனேஜர் "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். அன்று ஆன்-கால் டியூட்டியில் இருந்தவன் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பையன். அந்த நான்கு நிமிடம் அவனுடையது. ரிப்போர்ட்டில் அவன் பெயர் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அதில் நான் எழுதாமல் விட்டது: அந்த அலெர்ட் அதற்கு முந்தைய மாதமே டெஸ்ட் சூழலில் இரண்டு முறை வந்தது. வெறும் சத்தம் என்று அதை மியூட் செய்தது நான். மறுபடி ஆன் செய்தது ரிலீசுக்கு முந்தைய நாள். அதை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. டெஸ்டில் நடந்தபோது ஒன்றும் விழவில்லை, அதனால் யாரும் பேசவில்லை. கொழும்புக் கடல் மாதிரிதான்.

நான் பொய் சொன்னேனா? எழுதும்போது அப்படித் தோன்றவே இல்லை. கதைக்கு ஓர் ஆரம்பம் வேண்டும், நான் 12:41ஐத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் ஆரம்பத்தைத் தேர்ந்தெடுப்பவன்தான் குற்றவாளியையும் தேர்ந்தெடுக்கிறான். ஃபுச்சிடா 10:20இல் ஆரம்பித்தார். ஏப்ரல் 5இல் ஆரம்பித்திருக்கலாம். அதற்கு அவர் தன்னையும் டைம்லைனுக்குள் வைக்கவேண்டியிருந்திருக்கும்.

'உடைந்த வாள்' படித்து முடித்த இரவு அந்தப் பையனுக்கு ஒரு நீண்ட மெசேஜ் அனுப்பினேன். அவன் இப்போது வேறு நிறுவனத்தில் டீம் லீட். மலையில் சிக்னல் போய்ப் போய் வந்ததால் பதில் காலையில்தான் வந்தது. "பரவால்ல ப்ரோ. ஆனா அந்த நாலு நிமிஷத்த நான் எத்தன வாட்டி மனசுக்குள்ள ஓட்டிப் பாத்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது." அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

7

டீக்கடைக்கே திரும்புகிறேன். அந்தப் பையன் கேட்ட ஃபிசிக்ஸ் கேள்வி நியாயமானது. ஒரு அம்பு ஐந்து உயிர்களை எடுப்பது நடக்காத காரியம். ஆனாலும் வன்பரணர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அது பாட்டு. பரிசில் பெற்ற புலவனின் பாட்டு. மிகை அதன் இலக்கணம், கேட்கிறவருக்கும் அது தெரியும். ஃபுச்சிடா பாட்டு எழுதியிருந்தால் யாருக்கும் புகார் இருந்திருக்காது. அவர் சாட்சியம் என்ற பெயரில் எழுதினார். கடற்படை அதிகாரியின் துல்லியத்தோடு, மணியும் நிமிடமும் போட்டு எழுதினார். எண்கள் இருந்ததால் நாம் நம்பினோம்.

அவரைப் படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். பகடைக் காட்சிக்காகவும், மருத்துவமனைப் பக்கங்களுக்காகவும் கட்டாயம் படிக்கவேண்டும். பக்கத்தில் பார்ஷலையும் டல்லியையும் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும். பேர்ல் ஹார்பர் முதல் பிரசங்க மேடை வரை ஃபுச்சிடா நிஜமாகவே வாழ்ந்த வாழ்க்கைக்கு எந்த ஜோடனையும் தேவைப்பட்டிருக்காது என்பதுதான் எனக்கு இதில் ஆகப்பெரிய வருத்தம்.

கடைக்காரர் அன்று சொல்லாமல் விட்ட பாதி ஒன்று அந்தப் பாடலில் இருக்கிறது. காட்டில் எய்தவன் யாரென்று புலவர் கூட்டத்துக்குத் தெரியாது. அவன் முன்னால் நின்று ஓரியின் புகழைப் பாடுகிறார்கள். தலைவனின் பெயரை அவர்கள் சொன்னதும் அவன் நாணிப்போகிறான், அது தன் பெயர் என்பதால். பிறகு இறைச்சியும் மதுவும் தந்து, பொன்னும் கொடுத்து அனுப்புகிறான். நான்தான் எய்தேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழை விட்டதும் பையன்கள் சிலைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கடைக்காரர் அடுத்து வந்தவர்களுக்கு மறுபடி யானையிலிருந்து ஆரம்பித்தார்.